விடாமல் மூச்சு விடுங்கள்

வாசுதேவநல்லூரில் கடல் என்பது காதால் கேட்ட சமாசாரம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில் இருக்கிறது ஊர். மேற்கே திரும்பினால் மலை. கிழக்கே கடல் பார்க்க வேண்டுமென்றால் சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்த் தூத்துக்குடியில் இறங்க வேண்டும். அவ்வளவு சிரமம் எதற்கு? விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குள் சாளையாகவும் சீலாவாகவும் கடலே ஊருக்கு வந்துவிடுகிறது.

ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டு வகை. ஒன்று, மேலேயிருந்து நம் மண்டையில் விழுவது. அதற்குக் குற்றாலம் இருக்கிறது. மற்றது, நாம் மேலேயிருந்து அதன் மண்டையில் விழுவது. அதற்குத் தோட்டத்துக் கிணறு. பம்பு செட் ரூம் மாடியில் ஏறிக் குதித்து, அடியில் கிடக்கிற மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து மேலே காட்டினால் அவன் பெரிய ஆள். இரண்டு தண்ணீருக்கும் விதி ஒன்றுதான்: மூச்சைப் பிடி, கண்ணை மூடு, கையைக் காலை உதை, வெளியே வந்ததும் சத்தம் போடு.

இந்தக் கல்வித் தகுதியோடு ஓர் எலுமிச்சை வியாபாரி, வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு, அந்தமானில் ஹேவ்லாக் தீவின் கரையில் ஸ்கூபா முக்குளிப்புக்காகக் கறுப்பு ரப்பர் உடைக்குள் நுழைய முயன்றுகொண்டிருந்தார். பெயர் வேண்டாம். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தினமும் முகம் காட்ட வேண்டியவர். வாசுதேவநல்லூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அவருடைய மச்சினன், தன் உடைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டவன், "அத்தான், கை விடுத எடத்துல கால விட்டிருக்கீய" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மச்சினன்தான். சென்னையில் மத்திய அரசு உத்தியோகம். மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு பயணச் சலுகை உண்டு. சொந்த ஊருக்குப் போய்வருகிற முறையை விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் போய்வரலாம். புளியங்குடியைச் சொந்த ஊராகப் பதிவு செய்திருந்தவன், அந்தச் சொந்த ஊரைக் கொடுத்து அந்தமானை வாங்கினான். இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்று கணக்குப் பார்த்த அத்தான், அக்காவையும் அழைத்துக்கொண்டு சொந்தச் செலவில் கூடவே கிளம்பிவிட்டார்.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள். இறங்குகிற ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து படகேறிப் போகிற ஹேவ்லாக்கும் 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆகிவிட்டது. அரசாங்கப் பலகைகள் புதுப் பெயரைச் சொல்கின்றன. வாய்கள் இன்னும் பழக்கத்தை விடவில்லை. அந்தப் படகில்தான் நம்மவருக்கு முதல் மரியாதை கிடைத்தது. அலை தூக்கிப் போட ஆரம்பித்ததும் ஆளுக்கு ஒரு பை கேட்டு அல்லாடிக்கொண்டிருந்தபோது, இவர் மஞ்சள் பையைத் திறந்து, புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சையை எடுத்து விநியோகித்தார். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் காசு கொடுக்க வந்தது. வாங்கியிருக்கலாம் என்று மச்சினன் இன்றைக்கும் சொல்கிறான்.

கரையில் முதலில் கொடுத்தது ஒரு படிவம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இப்போது ஜலதோஷம் இருக்கிறதா என்று கேள்விகள். கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. பத்து வயது நிறைந்த யாரும் பயிற்றுநர் துணையோடு இறங்கலாம், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்றார்கள். கடைசி வரி வாசுதேவநல்லூர்க்காரருக்குச் சுருக்கென்றது.

"நீச்சல் தெரிஞ்சவனுக்கு அப்ப என்னதான் மரியாத?"

"தெரிஞ்சவங்கதான் சார் கஷ்டம். கை கால ஆட்டிக்கிட்டே இருப்பாங்க" என்றான் பயிற்றுநர். நல்ல தமிழ். போர்ட் பிளேரில் பிறந்த பையன். தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ்தான்.

அடுத்தது பாடம். முதல் விதி, முக்கியமான விதி, செத்தாலும் மறக்கக் கூடாத விதி: மூச்சை அடக்கக் கூடாது. விடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றில் நாற்பது வருஷமாகப் படித்த படிப்பு இந்த ஒரு வரியில் செல்லாமல் போயிற்று. காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், வருகிற வழியில் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் விரியாது, கிழியும். கிணற்றில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே கரையில் இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறோம். கீழே சுருங்கினால் மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

தண்ணீருக்கடியில் மூச்சு விடுவது பற்றி அவருக்குத் தெரிந்த மிச்சமெல்லாம் சினிமா கற்றுக்கொடுத்தது. வில்லனின் ஆட்கள் துரத்துவார்கள். கதாநாயகன் குளத்தில் குதித்து, ஒரு நாணல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடுவான். குழாயை இன்னும் கொஞ்சம் நீளமாக வெட்டினால் கடலடிக்கே போய்விடலாமே, எதற்கு முதுகில் இத்தனை பெரிய சிலிண்டர் என்று கேட்டார். கேள்வி நியாயமானது, இயற்கைதான் அநியாயம் செய்கிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சுக்கூட்டை அழுத்துகிற அழுத்தத்தில், மேலே இருக்கிற காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி இழுப்பது மனிதனின் நெஞ்சுத் தசைகளுக்குப் பெரும்பாடு. கதாநாயகன் தலையை நீர்மட்டத்தை ஒட்டி வைத்திருந்தால் பிழைப்பான். இரண்டு மீட்டர் இறங்கினால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும்.

இந்தக் குழாய் வித்தையை நிஜமாகவே செய்துகாட்டுகிற பிராணி யானை. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள்ளே இருக்க, துதிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலைச் சுற்றியிருக்கிற இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடத்தை இணைப்புத் திசு அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆழத்திலிருந்து துதிக்கையால் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி அமைந்ததே அது என்று ஜான் வெஸ்ட் என்கிற உடலியல் அறிஞர் 2001இல் விளக்கம் எழுதினார். ஹேவ்லாக்கிலேயே ராஜன் என்று ஒரு யானை இருந்தது. மரம் இழுப்பதற்காக 1970களில் அந்தமானுக்குக் கொண்டுவந்து, தீவுக்குத் தீவு நீந்தப் பழக்கியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2002இல் மரவெட்டைத் தடுத்ததும் அதற்கு வேலை போயிற்று. அதன்பிறகு கடலில் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. ‘தி ஃபால்’ என்ற ஆங்கிலப் படத்திலும் அதன் நீச்சல் வந்தது. 2016இல் இறந்தது.

இதைக் கேட்டதும் வாசுதேவநல்லூர்க்காரருக்கு வருத்தமாகிவிட்டது. "எங்க ஊர்ப் பக்கம் மலைய விட்டு எறங்குது பாருங்க, தென்னங்குருத்தப் புடுங்கித் தின்னுட்டு, வாழைய மிதிச்சிட்டுப் போவுது. ஒரு யானையாவது இப்படி உருப்பட்டிருக்கா?" என்றார்.

மனிதனுக்குத் துதிக்கை இல்லாத குறையை 1943இல் பிரான்சில் இரண்டு பேர் தீர்த்துவைத்தார்கள். ஒருவர் ழாக் கூஸ்தோ, கடற்படை அதிகாரி. இன்னொருவர் எமீல் கான்யான், எஞ்சினீயர். யுத்த காலம். பெட்ரோலையெல்லாம் ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டதால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்கு கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதையே மாற்றியமைத்தார்கள். எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக, நாம் இழுக்கும்போது மட்டும், சிலிண்டரிலிருந்து காற்று வாய்க்கு வரும். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் மனித குலத்துக்கு விளைந்த நன்மை என்று வேறு எதையும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு 12 லிட்டர் சிலிண்டரில் சுமார் 2,400 லிட்டர் காற்றை அமுக்கி அடைத்துத் தருகிறார்கள். நிதானமாக இழுக்கிறவருக்கு நிறைய நேரம் வரும். பயந்து இழுக்கிறவருக்குக் காற்றின் அளவைக் காட்டுகிற முள் மளமளவென்று இறங்கும்.

"எனக்குப் பயம்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள" என்று கேட்காமலே சொன்னார் அத்தான்.

"எனக்கும் இல்ல அத்தான். அக்காதான் என்னய ஒங்ககூட எறங்கச் சொன்னா."

இந்த இடத்தில் தூத்துக்குடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூஸ்தோவின் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே நம் பரதவர்கள் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தார்கள். காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு, சிப்பி போட ஒரு பை, அடக்கிய மூச்சு, அவ்வளவுதான் கருவி. சில நிமிடங்கள்கூட இல்லை, ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் அடியில் இருக்க முடியும். அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பியை வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சினன் கையில் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் தாலி அறுக்கும்படி எந்தத் தம்பியும் கயிற்றை விட்டுவிட மாட்டான் என்பது கணக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தோன்றாத காலத்தில் இதைவிடக் கெட்டியான பாலிசி இருந்திருக்க முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்கள் கடிக்காமலிருக்க மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். மச்சினனுக்கு எத்தனை பங்கு என்று அவர் எழுதவில்லை. 1961க்குப் பிறகு முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. சிப்பிப் பார்கள் வளம் குன்றிவிட்டன. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் இன்றும் இறங்குகிறார்கள்.

ஸ்கூபாவிலும் தனியாக இறங்கக் கூடாது, எப்போதும் ஒரு துணை வேண்டும் என்பது சட்டம். ஆனால் கற்றுக்குட்டிகள் விஷயத்தில் மச்சினன்களை நம்புவதில்லை. ஆளுக்கு ஒரு பயிற்றுநர், சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவார்.

இறங்கினார்கள்.

இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். ‘டப்’ என்று திறக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறும்போது பஸ்ஸில் காது அடைக்கிற அதே சங்கதிதான், ஆனால் இங்கே எல்லாம் பலமடங்கு வேகம். காற்றழுத்தம் பாதியாகக் குறைய வேண்டுமானால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,500 மீட்டர் மேலே போக வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையை மூன்று வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். தண்ணீரில் அழுத்தம் இரண்டு மடங்காவதற்குப் பத்து மீட்டர் இறங்கினால் போதும். குறுமுனிவரைத் தென்திசைக்கு அனுப்பி உலகத்தைச் சமன் செய்த கதையை நம்புகிறவர்கள், மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன் செய்வதை நம்பத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் பேச்சு. வாயில் ரப்பரைக் கவ்விக்கொண்டிருப்பதால் அரை மணி நேரம் பேச முடியாது. தென்காசி மாவட்டத்துக்காரருக்கு இது ஆழத்தைவிடப் பெரிய சோதனை. 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலுக்கடியில், சுமார் 60 அடியில், ஒரு ஜோடி பட்டுப் புடவை வேட்டியோடு மாலை மாற்றித் தாலி கட்டிக்கொண்டது. மொய் எழுதுகிற மைக் இல்லாமல், சாம்பாரில் உப்பில்லை என்கிற பெரியப்பா இல்லாமல், தமிழ்நாட்டில் நடந்த ஒரே கல்யாணம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சுக்குப் பதிலாகக் கைச்சைகைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமிட்டால் ‘நலம்’. உள்ளங்கையை விரித்து அப்படியும் இப்படியும் ஆட்டினால் ‘ஏதோ கோளாறு’. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’. கரையில் இதையெல்லாம் அவர் ஒப்பித்துக் காட்டினார். தண்ணீருக்குள் ஒப்பித்தது போய் ஊர்வழக்கம் வந்துவிட்டது. பயிற்றுநர் வட்டமிட்டு ‘நலமா?’ என்று கேட்க, இவர் முதலில் தலையை இருபக்கமும் ஆட்டினார். நம்மூரில் அதற்கு அர்த்தம் சரி. அவனுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டான். இவர் கையை விரித்து, ‘ஏதோ ஓடுது’ என்று ஆட்டினார். எலுமிச்சை விலை எப்படி என்று கேட்டால் வருஷக்கணக்காக ஆட்டுகிற அதே ஆட்டல். பையன் பதறிப்போய்க் காதைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், காற்று முள்ளைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறானே என்று நெகிழ்ந்துபோய், வாசுதேவநல்லூர்க்காரர் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார். உடனே மேலே கொண்டுவந்துவிட்டான்.

"என்ன சார் பிரச்சினை?"

"ஒண்ணுமில்லியேப்பா. நல்லாருக்குன்னுல்ல சொன்னேன்."

மறுபடியும் இறங்கினார்கள். இந்த முறை அவர் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டார். அதுதான் சரியான முறையும்கூட. கையை ஆட்டாமல், காலை உதைக்காமல், சும்மா கிடந்து மூச்சு மட்டும் விட்டால் உடம்பு தானாக நிற்கிறது. மூச்சை இழுத்தால் கொஞ்சம் உயர்கிறது, விட்டால் கொஞ்சம் இறங்குகிறது. கிணற்றில் ஒருநாளும் கிடைக்காத அந்தச் சும்மா அவருக்கு அங்கே கிடைத்தது. வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கைகட்டி நின்றது அன்றைக்குத்தான் என்று மனைவி பிறகு சொன்னார்.

கண்ணுக்குத் தெரிந்தது முதலில் நீலம்தான். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை முதலில் தின்றுவிடும். ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும். மச்சினன் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த சிவப்புக் கைக்கயிறு பழுப்பாகிவிட்டது. இன்னொரு விசேஷம், முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். ஒளிவிலகல். பிடிபடாமல் போன மீனின் அளவைச் சொல்கிறவர்களுக்கு இயற்பியலே கொடுத்திருக்கிற சலுகை இது.

ஒரு பாறை முழுக்கச் சாமந்தி நிறத்தில் விரல்களை விரித்து ஆடிக்கொண்டிருந்தது கடல் சாமந்தி. அதன் கொட்டும் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள் குடித்தனம். ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்த 2003க்குப் பிறகு உலகமே இதற்கு நீமோ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. ஹேவ்லாக்கில் ஓர் இடத்துக்கே நீமோ ரீஃப் என்று பெயர். இந்த மீன் பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் ஆகப் பெரியது மட்டும் பெண்ணாக மாறிக் குடும்பத்தை நடத்தும். அந்த அம்மாள் காலமானால், அடுத்த நிலையில் இருக்கிற ஆண் பெண்ணாகிவிடும். கரையேறிய பிறகு பயிற்றுநர் இதை மிகுந்த பரபரப்போடு சொன்னபோது, மற்ற சுற்றுலாக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரர் அசையவில்லை. அவர் ஊர்க் கோயிலின் மூலவர் அர்த்தநாரீஸ்வரர். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் என்பதை அவர் பால்குடி நாளிலிருந்து கும்பிட்டு வளர்ந்தவர். "ஒரே நேரத்துல ரெண்டுமா இருக்குமா, இல்ல மாறி மாறியா?" என்று மட்டும் கேட்டுத் தெளிவு பெற்றார்.

கிளிமீன் இதற்கு நேரெதிர். அதில் பல இனங்களில் பெண் ஆணாக மாறும். அதன் வாய் நிஜமாகவே கிளியின் அலகுதான். பாறையைக் கொத்துகிற ‘கறுக் கறுக்’ சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். பவளப்பாறையைச் சுரண்டி, மேலிருக்கிற பாசியைத் தின்று, மிச்சத்தை அரைத்து மணலாகப் பின்வழியே விட்டுவிடும். பெரிய கிளிமீன் ஒன்று வருஷத்துக்குச் சில நூறு கிலோ மணல் போடுமாம். வெப்பக்கடல் தீவுகளில் புதுமணத் தம்பதிகள் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிற வெள்ளை மணலில் கணிசமான பங்கு இந்த வகையில் வந்ததுதான். லாரி இல்லை, பர்மிட் இல்லை, கலெக்டர் ஆபீஸில் மனு இல்லை. நம் ஆற்றுப் படுகைகளுக்கு இந்த மீன் ஒத்துவராது என்பது பெரிய நஷ்டம்.

கொஞ்சம் தள்ளி ஒரு பாறை முனையில் பெரிய மீன்கள் நின்றுகொண்டிருந்தன. சலூன் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு முறை வருவதற்காகக் காத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படியே. விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட ஒரு குட்டி மீன் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்கிறது. இதற்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் மேல்தோல் வழவழப்பு ருசி. சமயம் கிடைத்தால் அதைக் கடித்துவிடும். ரெதுவான் ப்ஷாரி என்கிற ஆய்வாளர் பல வருஷங்கள் கவனித்துச் சொன்னது: வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது யோக்கியமாக வேலை செய்கிறது. யாரும் பார்க்காதபோது கடிக்கிறது.

மணலில் மொத்தமாக, கறுப்பாக, வேலையில்லாமல் கிடந்தது கடல் அட்டை. தமிழ்ப் பத்திரிகை படிக்கிற யாருக்கும் இதன் பெயர் தெரியும். ராமேசுவரம், மண்டபம் பக்கம் இத்தனை கிலோ பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வரும். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மரியாதைக்குரிய பிராணி மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக. அந்த வழியிலேயே சில நேரம் ஒரு மெல்லிய மீன் உள்ளே போய் வாடகையில்லாமல் குடியிருக்கும். மூச்சு விடுவதையே பெரிய சாதனையாக நினைத்து இறங்கிய நம்மவர், இதைக் கேட்ட பிறகு தன் வாயில் இருந்த ரப்பருக்கு நன்றி சொன்னார்.

பவளப்பாறையைப் பற்றி ஒரு நேர்மையான தகவல். விளம்பரப் படங்களில் வருகிற வானவில் எல்லா இடத்திலும் இல்லை. நல்ல பாறைத் திட்டுக்குப் பக்கத்திலேயே சாம்பல் பூத்த மயானங்களும் இருக்கின்றன. பவளம் என்பது கல் அல்ல, ஊசிமுனை அளவுப் பிராணிகளின் கூட்டம். உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை சமைத்ததைச் சாப்பிடுகிறது. கடல் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சுட்டு, அது சில வாரம் நீடித்தால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துப்போகும். அந்தமானில் 2010இலும் 2016இலும் இப்படி நடந்தது. உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

பக்கத்து மன்னார் வளைகுடாவை விட்டுவிட்டு எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். நினைத்தவர்கள் நினைத்தபடி போய் இறங்க முடியாது. அறிவித்ததில் தப்பில்லை. அதற்கு முன்னும், அதற்குப் பின்னும் கொஞ்ச காலம், பவளப்பாறையை வெட்டித் தோணியில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றார்கள். அலையைத் தடுக்கிற பாறை போனதும் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. அந்தக் காலத்துத் தூத்துக்குடிக் காரை வீடுகளில் சுவருக்குள்ளே பவளம் இருக்கும். உள்ளே குடியிருப்பவர்கள் அதை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் பவளம் வாங்க நகைக்கடைக்குப் போவார்கள்.

இறங்குவதற்கு முன்பு வெயில் கிரீம் பூசிக்கொள்ள வந்த ஒரு பெண்ணைப் பயிற்றுநர் தடுத்துவிட்டான். சில கிரீம்களில் இருக்கிற ரசாயனம் பவளத்துக்கு ஆகாது. பலாவ் என்கிற குட்டித் தீவு நாடு 2020இல் அத்தகைய கிரீம்களுக்குத் தடை போட்டது; அடுத்த வருஷம் ஹவாயும் போட்டது. உலகமே வியந்த இந்தச் சட்டம் நம்மவருக்குப் பழசு. குற்றாலத்தில் எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவிக்குள் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது ஊரறியும். அதற்குமுன் நல்லெண்ணெயை உடம்பெல்லாம் வழியவிட்டு, பாறையை வழுக்க வைத்து, பின்னால் வருகிறவரையும் சேர்த்து விழவைத்துக் குளிப்பதே குளியல் என்று இருந்தது. கிரீமை அந்தப் பெண் கோபத்தோடு பைக்குள் வைத்தபோது, "எங்க பக்கம் இத ஜட்ஜே சொல்லிட்டாரும்மா" என்று தமிழில் ஆறுதல் சொன்னார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

கரையேறியதும் இரண்டு வேலை. ஒன்று, விமானம் ஏறாமல் இருப்பது. ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமாவது தரையிலேயே இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அறிவுரை காதில் விழுந்ததும் வாசுதேவநல்லூர்க்காரரின் மனைவி அதை 24 மணி நேரமாக உயர்த்தி, மறுநாள் முழுக்க முத்துமாலைக் கடைகளுக்கு ஒதுக்கினார். கடலுக்குள் இறங்காமலே முத்தெடுத்தவர் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது வேலை, வீடியோ. பின்னணியில் இந்திப் பாட்டுச் சேர்த்து, கையோடு போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கைகட்டிக்கொண்டு, கன்னமெல்லாம் உப்பி, ஒரு மனிதர் நீல வெளிச்சத்தில் மிதக்கிறார். பின்னால் மச்சினன், பார்வையை அத்தான் மேலிருந்து எடுக்காமல் மிதக்கிறான். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதும் வணக்கக் கைகளும் இதயங்களும் வந்து விழுந்தன. ஒரு சித்தப்பா மட்டும் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று அனுப்பி, பிறகு அழித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் படத்தை உண்மையாக ரசித்துப் பார்த்தவர் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர்தான். டி.வி.எஸ். ஐம்பதை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஐஸ் பெட்டியின் மேல் போனை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது கிளாத்தி. இது கிளிமீன், கொழம்புக்கு ஆவும். அந்தா பொந்துக்குள்ள தலைய நீட்டுது பாருங்க, அது அஞ்சாலை, கடிச்சா விடாது. பின்னால போவுதே, அது களவால்லா! நல்ல களவா. எம்புட்டு நீளம் இருந்துச்சு?"

வாசுதேவநல்லூர்க்காரர் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

"அத்தான்" என்றான் பொங்கலுக்கு வந்திருந்த மச்சினன். "கண்ணாடி வழியா பாத்தது."

அவர் யோசித்து, இரண்டு கையையும் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். கால் பங்கு கழிந்தது. மீன்காரர் அந்த இடைவெளியை ஏற இறங்கப் பார்த்தார். வியாபாரி காட்டுகிற அளவில் பாதியைக் கழிப்பது அவர் தொழில் பழக்கம். கழித்துவிட்டு, குடல் எடுத்தால் இரண்டு கிலோ தேறும் என்றார்.